"கடும் பொறுப்பு" வேண்டாம்: "திரிபேற்கும் பொறுப்பு" சரிவருமா?

> ஆஸ்திரேலியக் குற்றவியல் கலைச்சொல் பட்டியலில் தமிழாக்க மீதமிருப்பவை இரண்டுதான்: strict liability, absolute liability. "கடும் பொறுப்பு", "முழுப் பொறுப்பு" என்று போட்டு முடித்துவிடலாமே.

வணக்கம் ஐயா,

பட்டியலை முழுக்கப் படித்தேன். குற்றச்செயல், குற்றமனம் (தெரிந்தோ வேண்டுமென்றோ செய்யும் மனநிலை), தற்காப்பு, நிர்ப்பந்தம் எல்லாம் சரி. இந்த இரண்டு மட்டும் இடிக்கின்றன.

"கடுங்காவல்" நம் காதில் ஊறிய சொல். "கடும் பொறுப்பு" என்றால் தண்டனை கடுமையானது என்றே படிப்பவர் எடுத்துக்கொள்வார். இவற்றில் பெரும்பாலானவை அபராதத்தோடு முடிகிற குற்றங்கள். குற்றமனம் இருந்ததென்று அரசுத் தரப்பு மெய்ப்பிக்க வேண்டியதில்லை, அவ்வளவுதான்.

1985-இல் வந்த ஹீ கா டே வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். மெல்பர்ன் விமான நிலையத்தில் ஒருவர் பையின் போலி அடித்தட்டில் ஹெராயின் பிடிபட்டது. தனக்குத் தெரியாது என்பது அவர் வாதம். ஆயுள் தண்டனை வரை போகக்கூடிய குற்றத்தில், அவருக்குத் தெரிந்திருந்தது என்று அரசுத் தரப்புதான் மெய்ப்பிக்க வேண்டும் என்று சொல்லி, உயர் நீதிமன்றம் மறுவிசாரணைக்கு உத்தரவிட்டது. (பெயர் உயர் நீதிமன்றம் என்றாலும் அந்த நாட்டின் கடைசிப் படி அதுவே. பட்டியலில் இதற்கும் ஒரு குறிப்பு வேண்டும்.) குற்றங்கள் மூவகை என்பதும் அந்தத் தீர்ப்பில் தெளிவாகப் பிரித்துச் சொல்லப்பட்டது: குற்றமனம் மெய்ப்பிக்கப்பட வேண்டியவை, நமக்குச் சிக்கலான இந்த இரண்டு.

இரண்டுக்கும் நடுவே உள்ள வேறுபாடு ஒன்றே ஒன்று. முதலாவதில் (strict liability), நேர்மையாகவும் நியாயமாகவும் ஒன்றைத் தவறாக நம்பியிருந்தால் தப்பலாம். 1941-இல் பிரவுட்மன் எதிர் டேமன் வழக்கில் நீதிபதி டிக்சன் இதை விளக்கினார். உரிமம் இல்லாதவரை வண்டி ஓட்ட அனுமதித்த வழக்கு அது. ஓட்டியவரிடம் உரிமம் இருப்பதாகத் தக்க காரணத்தோடு நம்பியிருந்தால் அது விலக்காகும் என்பது அவர் கருத்து. இரண்டாவதில் (absolute liability) இந்த வழியும் கிடையாது. வேக வரம்பு மீறலை நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா நீதிமன்றங்கள் அதில்தான் வைத்திருக்கின்றன; வேகமானி கெட்டிருந்தது தெரியாது என்று சொல்லிப் பயனில்லை.

அதற்காக அதை "முழு" என்பதும் பொருந்தாது. 1995-ஆம் ஆண்டின் கூட்டரசுக் குற்றவியல் சட்டத்தொகுப்பு, 6.2 பிரிவில், இந்த வகையிலும் மற்ற எதிர்வாதங்கள் நிற்கும் என்கிறது. மிரட்டலுக்கு அஞ்சிச் செய்தவருக்கும் திடீர் அவசரத்தில் செய்தவருக்கும் வாய்ப்பு உண்டு. அடைபடுவது தவறான நம்பிக்கை என்கிற கதவு மட்டும்.

ஆக, சொல் அந்தக் கதவைக் காட்ட வேண்டும். என் முன்மொழிவு: திரிபேற்கும் பொறுப்பு, திரிபேற்காப் பொறுப்பு. "ஐயந்திரிபற" என்கிறோமே, அந்தத் திரிபுதான்: ஒன்றை மற்றொன்றாக உணர்வது.

---

> திரிபு என்றால் இப்போது கொரோனாத் திரிபும் வரலாற்றுத் திரிபும்தானே நினைவுக்கு வருகின்றன? "பிழையேற்கும்" என்றால் எல்லோருக்கும் புரியும். அல்லது "அறியாமை ஏற்கும்" என்று இன்னும் எளிதாக வைக்கலாம், தம்பி.

"அறியாமை" கூடவே கூடாது ஐயா. அதே தொகுப்பின் 9.2 பிரிவைப் பாருங்கள். உண்மை நிலை என்ன என்று அந்த ஆள் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும், எண்ணிப் பார்த்துத் தவறான ஆனால் நியாயமான முடிவுக்கு வந்திருக்க வேண்டும் என்கிறது. உரிமம் பற்றி நினைத்தே பார்க்காமல் சாவியைக் கொடுத்தவருக்கு இந்த விலக்கு இல்லை. அறியாமை வேறு, ஐயம் வேறு, திரிபு வேறு என்று நம் தருக்க நூலார் பிரித்தது இந்தச் சட்டத்துக்கு அப்படியே பொருந்துகிறது. இவ்வளவு கச்சிதமாக அமைந்த சொல்லை விட மனமில்லை.

"பிழை" எளிய சொல்தான். ஆனால் "பிழை பொறுத்தருள்க" என்கிறபோது அது செய்த குற்றத்தையே குறிக்கிறது. "பிழையேற்கும் பொறுப்பு" என்றால் குற்றத்தை ஒப்புக்கொள்வது போலாகிவிடும். நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர் வாயில் அது வந்தால், கேட்டு நிற்பவர் தான் ஒப்புக்கொண்டதாகவே நினைத்துக் கலங்கிப்போவார்.

கொரோனா பற்றிச் சொன்னது நியாயமான தடை. தனித்து வரும் இடங்களில் "திரிபெண்ணம்" என்று வைத்துக்கொள்ளலாம். "நேர்மையான, நியாயமான திரிபெண்ணம்" என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், தடங்கல் இல்லை.

---

> திரிபெண்ணம் எனக்குச் சம்மதம். "திரிபேற்காப் பொறுப்பு" மட்டும் பேச்சில் காதுக்குப் பிடிபடுமா என்று தயக்கம்.

பேச்சில் "தவறாக நம்பியிருந்தாலும் பொறுப்பு உண்டு" என்று விரித்தே சொல்லட்டும் ஐயா. எழுத்துக்குத்தான் குறுஞ்சொல் வேண்டும். ஆஸ்திரேலிய நீதிமன்றங்களில் மொழிபெயர்க்கும் நண்பர்கள் இந்தக் குழுவில் இருந்தால், அந்த விரிவை அவர்கள் எப்படிச் சொல்கிறார்கள் என்று எழுதுங்கள். பட்டியலில் குறுஞ்சொல்லுக்குப் பக்கத்திலேயே அதையும் சேர்த்துவிடலாம்.