ஒரு வீத எரிபொருளும் புல்மோட்டை மணலும்

உவர்மலை:
நேற்றுப் பின்னேரம் திருகோணமலை உட்துறைமுக வீதியில் நடந்துகொண்டிருந்தபோது, சீனக்குடாவில் இருந்து எழும்பிய பயிற்சி விமானம் ஒன்று தலைக்கு மேலே போனது. கூட வந்த ஏலெவல் மாணவன், "சேர், புகை கக்காமல் பறக்கிற காலம் வருமா?" என்று கேட்டான். நானோ தொழில்நுட்பம், அதாவது மீட்டரின் கோடியில் ஒரு பங்குக்கும் (100 நானோமீட்டருக்கும்) கீழான அளவில் பொருளைக் கையாளும் நுட்பம், அதைக் கிட்டக் கொண்டுவரும் என்றேன். இந்தக் குழுவிலும் அதையே சொல்கிறேன்.

பாரம் கூடினால் எரிபொருளும் கூடும். போயிங் 787 இன் எடையில் ஏறக்குறையப் பாதி உலோகமே அல்ல, காபன் இழையும் பிசினும் சேர்ந்த கலவை. அந்த இழைப் படைகளுக்கு இடையில் காபன் நானோ குழாய்களை, அதாவது கண்ணுக்குத் தெரியாத காபன் குழல்களை, காடு மாதிரி நிறுத்திப் பார்த்திருக்கிறார்கள் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள். வெடிப்பு ஓடுவதைத் தடுக்கும் வலு 62 வீதம் வரை கூடியதாக 2024 இல் அறிவித்தார்கள். படை பிரியாவிட்டால் தடிப்பைக் குறைக்கலாம். தடிப்புக் குறைந்தால் பாரமும் குறையும்.

நிலாவெளிக் காற்று:
சேர், ஆய்வுகூடத்தில் ஒரு துண்டைச் சோதித்த கணக்கை முழு விமானத்துக்குப் போடாதீர்கள். இப்போது பறந்துகொண்டிருப்பதைப் பார்ப்போம். சுறாத் தோலைப் பார்த்துச் செய்த ஏரோஷார்க் படலத்தை 2022 இல் சுவிஸ் (SWISS) விமான நிறுவனத்தின் போயிங் 777 விமானங்களில் ஒட்டத் தொடங்கினார்கள். மிச்சமாகும் எரிபொருள் ஏறக்குறைய 1 வீதம். அதன் வரிகளும் 50 மைக்ரோமீட்டர், அதாவது 50,000 நானோமீட்டர். அதை நானோ என்று சொல்வதே பிழை.

உலகம் வெளிவிடும் காபனீரொட்சைட்டில் ஏறக்குறைய 2.5 வீதம் விமானங்களுடையது. அவை வானத்தில் விட்டுப்போகும் வெண்கோடுகளும் பூமியைச் சூடாக்குகின்றன. ஆட்கள் வருடத்துக்கு வருடம் கூடுதலாகப் பறந்தால் இந்த 1 வீதம் எங்கே நிற்கும்? குறைவாகப் பறப்பதுதான் வழி.

உவர்மலை:
மைக்ரோ வேறு, நானோ வேறு. ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அந்த 1 வீதத்தைத் தூக்கி எறியாதே தங்கச்சி. சுவிஸின் பன்னிரண்டு 777 களிலும் ஒட்டினால் வருடத்துக்கு 4,800 தொன் எரிபொருள் மிஞ்சும் என்பது அவர்களுடைய கணக்கு. ஒரு கிலோ எரிந்தால் மூன்று கிலோவுக்கு மேல் காபனீரொட்சைட்டு வரும், பெருக்கிப் பார்.

சல்லி அம்மா:
எனக்கு விஞ்ஞானம் தெரியாது. என் மகள் டொரொண்டோவில். நாலு வருடத்துக்கு ஒருமுறைதான் பேரப்பிள்ளைகளைப் பார்க்கிறேன். குறைவாகப் பற என்று எங்களைப் போன்றவர்களிடம் சொல்லாதீர்கள் பிள்ளை.

கிண்ணியாப் படகு:
இருபது வருடமாகப் பைபர் போட் செய்கிறேன். படை பிரிவது எனக்குப் பழகின விஷயம். கையால் தட்டினால் நல்ல இடம் கணீரென்று கேட்கும், பிரிந்த இடத்தில் சத்தம் செத்துப்போயிருக்கும். வெளியே ஒரு கீறல்கூடத் தெரியாது. அதனால் சேர் சொல்வதை மனதார வரவேற்கிறேன்.

ஆனால் அப்புறம்? கரையில் பழைய போட்டுகள் கிடக்கின்றன. உருக்க முடியாது, எரித்தால் நச்சுப் புகை, புதைத்தால் உக்காது. அலுமினிய விமானத்தை உருக்கி எடுக்கலாம். இந்தப் புது விமானங்களை என்ன செய்வது?

நிலாவெளிக் காற்று:
சல்லி அம்மா, மன்னியுங்கள். நான் சொன்னது உங்களை அல்ல. ஒரு மணிநேரக் கூட்டத்துக்கு நாடு விட்டு நாடு பறப்பவர்களை. அதைத் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும்.

கிண்ணியா நானா (அண்ணன்) கேட்டதுதான் என்னுடைய பயமும். 2008 இல் எலிகளில் செய்த ஆய்வில், நீண்ட காபன் நானோ குழாய்கள் அஸ்பெஸ்டோஸ் நார் போலவே உடலில் அழற்சியை உண்டாக்கின. அந்தக் குழாய் கலந்த பிசினை அறுக்கிற, ராவுகிற தொழிலாளியின் நெஞ்சுக்கு யார் பொறுப்பு?

உவர்மலை:
இதற்கு என்னிடம் முழு விடை இல்லை. ஒட்சிசன் இல்லாமல் சூடாக்கிப் பிசினைப் போக்கி, காபன் இழையை மீட்கிறார்கள். ஆனால் மீட்ட இழை பெரும்பாலும் துண்டு துண்டாகத்தான் வரும், திரும்ப இறக்கையாகாது. தூள் விஷயத்தில் தங்கச்சி சொல்வது சரி. குழாய் பிசினுக்குள் பூட்டியிருக்கும்வரை பயம் குறைவு, அறுக்கும்போதுதான் ஆபத்து.

ஒன்றை மட்டும் விடமாட்டேன். ஜெட் எஞ்சினுக்குள் ஓடும் வாயு, அது சுழற்றும் டர்பைன் தகடு உருகும் வெப்பத்தையும் தாண்டியது. தகட்டைக் காப்பதில் சிர்கோனியாப் பூச்சுக்கும் பெரிய பங்குண்டு. அந்தப் பூச்சை நானோ அளவுத் துகள்களால் இன்னும் சிறப்பாக்க ஆய்வு நடக்கிறது. சிர்கோனியா சிர்கோன் மணலில் இருந்து வருவது. எங்கள் புல்மோட்டைக் கரையில் இல்மனைட், ரூட்டைல் என்ற கனிமங்களோடு சிர்கோனும் கிடக்கிறது. பெரும்பாலும் மணலாகவே கப்பல் ஏற்றுகிறோம். 2008 இல் தொடங்கி, இப்போது ஹோமாகமவில் இருக்கும் நானோ நிறுவகம் எங்கள் காரீயத்தில் (பென்சில் கரியான கிரபைற்றில்) இருந்து கிராபீன் என்ற மிக மெல்லிய காபன் தாளை எடுக்கிறது. மணலுக்கும் அப்படி ஒரு வேலை இங்கேயே நடக்க வேண்டாமா?

நிலாவெளிக் காற்று:
நடக்கட்டும். ஆனால் மணல் அள்ளுகிற கரையில் வலை இழுக்கிறவர்களிடம் முதலில் கேட்டுவிட்டு.

கிண்ணியாப் படகு:
சேர், அந்த மாணவனைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். தட்டிப் பார்த்துப் பிரிந்த இடம் கண்டுபிடிக்கப் பழக்குகிறேன். பழைய போட்டில் இருந்து ஒரு துண்டும் வெட்டித் தருகிறேன், எப்படி மீட்கலாம் என்று அவன் யோசிக்கட்டும். முகத்தை மூடிக்கொண்டுதான் வெட்டுவேன் தங்கச்சி.