ஏப்ரலில் புக்கெட் பைக் வீக், தனியாகப் போகிறேன்: வழியும் பகல் சவாரிகளும் சொல்லுங்கள்

ஈசூன்_சூப்பர்ஃபோர்

வணக்கம். ஏப்ரலில் தாய்லாந்தின் புக்கெட் தீவில் நடக்கும் மோட்டார் சைக்கிள் பேரணியான புக்கெட் பைக் வீக்குக்குச் சிங்கப்பூரிலிருந்து தனியாகப் போவது என்று முடிவு செய்திருக்கிறேன். வண்டி ஹோண்டா சிபி400 சூப்பர் ஃபோர். 2ஏ உரிமம் (400 சிசி வரையிலான வண்டிக்கு) எடுத்து ஐந்து வருடம் ஆகிறது. மலாக்கா, கேமரன் மலை, குவாந்தான் எல்லாம் போயிருக்கிறேன், ஆனால் எப்போதும் ஆறேழு பேரோடு. முன்னால் போகும் வண்டியின் பின்விளக்கைப் பார்த்தே ஓட்டிப் பழகிவிட்டேன். எங்கே நிறுத்துவது, எந்த வளைவில் எவ்வளவு வேகம் என்பதையெல்லாம் வேறு யாராவது முடிவு செய்வார்கள். இந்த ஒரு முறை அதையெல்லாம் நானே செய்து பார்க்க வேண்டும்.

நான் தாதி. ஷிஃப்ட் வேலையில் ஒன்பது நாள் சேர்ந்தாற்போல் விடுப்புக் கிடைப்பது அபூர்வம், கிடைத்திருக்கிறது. பேரணி நடக்கும் பதோங் கடற்கரையில் கூட்டமும் இசையும் பெரும்பாலும் மாலையில்தான் என்கிறார்கள். எனக்குப் பகல் பொழுதுதான் முக்கியம். காலையில் கிளம்பி நல்ல சாலைகளில் ஓட்டிவிட்டு, மாலையில் போய் மற்றவர்களின் வண்டிகளைப் பார்க்க ஆசை. எந்தச் சாலைகள்? போக எத்தனை நாள் வைக்கலாம்? இரண்டு நாளில் போய்விடலாம் என்று ஒரு நண்பர் சொல்கிறார்.

அம்மாவுக்கு இரண்டு வருத்தம். தனியாகப் போவது ஒன்று. சித்திரை முதல் நாள் நான் வீட்டில் இருக்க மாட்டேன் என்பது இன்னொன்று. இரண்டாவதுதான் பெரிது என்று நினைக்கிறேன்.

பழைய_சங்கிலி

தங்கச்சி, போய் வாருங்கள். அந்த வழியில் மூன்று முறை போயிருக்கிறேன், ஒரு முறை தனியாக. தனியாகப் போனதுதான் இன்றைக்கும் வளைவு வளைவாக ஞாபகம் இருக்கிறது.

முதலில் காப்புறுதி. நம் ஊர் வண்டிக் காப்புறுதிகள் பெரும்பாலும் சிங்கப்பூர், மேற்கு மலேசியா, அப்புறம் தாய்லாந்தில் எல்லையிலிருந்து 80 கிலோமீட்டர் வரைதான் செல்லும். ஹாட்யாய் அதற்குள் வந்துவிடும், புக்கெட் வராது. பத்திரத்தை எடுத்துப் பாருங்கள், நிறுவனத்தைக் கூப்பிட்டு நீட்டிப்புக் கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள். தாய்லாந்தின் கட்டாய மூன்றாம் தரப்புக் காப்புறுதியை எல்லையில் தனியாக வாங்க வேண்டும். பயணக் காப்புறுதி எடுக்கும்போதும் 400 சிசி வண்டி ஓட்டுவது அதில் அடங்குமா என்று கேட்டுவிடுங்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் கால் முறிந்த பிறகுதான் அந்த வரியைப் படித்தார்.

கடப்பிதழ், உரிமம், வாகனப் பதிவு விவரத்தின் அச்சுப்படி எல்லாம் கையில் இருக்கட்டும். வண்டிக்குக் கடன் பாக்கி இருந்தால் கடன் கொடுத்தவர்களிடம் அனுமதிக் கடிதமும் வாங்குங்கள். தாய்லாந்தின் மின்னியல் வருகை அட்டையைப் போய்ச் சேர்வதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். தாய்லாந்து எல்லையான சடாவில் சுங்கத்துறை கொடுக்கும் தற்காலிக இறக்குமதித் தாளை உயிர்போலப் பத்திரப்படுத்துங்கள். திரும்பும்போது அதை ஒப்படைக்காவிட்டால் அபராதம்.

இரண்டு நாளில் போகலாம், ஆனால் போகாதீர்கள். கூட்டமாகப் போனால் தூக்கம் வருகிறது என்று பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்வார். தனியாகப் போகும்போது அப்படிச் சொல்ல ஆள் கிடையாது. மூன்று நாள் வையுங்கள். முதல் நாள் விடிவதற்கு முன் உட்லண்ட்ஸைத் தாண்டி ஈப்போ, சுமார் 550 கிலோமீட்டர். ஏப்ரலில் மதியத்துக்கு மேல் இடி மின்னலோடு மழை பிடிக்கும், அதனால் இரண்டு மணிக்குள் பெரும்பகுதியை முடித்துவிடுங்கள். மழை வந்தால் விரைவுச்சாலையில் மோட்டார் சைக்கிளுக்கென்றே ஒதுங்குமிடங்கள் இருக்கின்றன, நின்றுவிடுங்கள். மலேசியாவில் மோட்டார் சைக்கிளுக்கு டோல் இல்லை. பெட்ரோல் மட்டும் அங்கே ரான் 97 ரகம்தான் போட வேண்டும், வெளிநாட்டு வண்டிக்கு 95 விற்கக் கூடாது.

இரண்டாம் நாள் ஹாட்யாய், தூரம் குறைவு. ஈப்போவைத் தாண்டியதும் மெனோரா சுரங்கப்பாதை வரும். அதைச் சுற்றி மலைச்சரிவு, காலை நேரத்தில் சாலை ஈரமாக இருக்கும், லாரிகள் பிரேக்கைப் பிடித்தபடியே இறங்கும். அவற்றின் பின்னால் ஒட்டிப் போகாதீர்கள். எல்லை தாண்டியதும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னே வையுங்கள். எல்லையில் நிற்கும் நேரம் நம் கையில் இல்லை, அதனால்தான் அன்றைக்குத் தூரத்தைக் குறைத்துச் சொல்கிறேன்.

மூன்றாம் நாள் 4ஆம் எண் சாலையையே பிடித்துக்கொண்டு போங்கள். பத்தலுங்குக்கும் திராங்குக்கும் நடுவே ஒரு மலையைக் கடக்கும். காவ் பாப் பா என்று பெயர், துணி மடிப்பு மலை என்று பொருள். பழைய பாதை மடித்து வைத்த சேலைபோல வளைந்து வளைந்து போனதாம். இப்போது சாலை அகலம், ஆனாலும் காலையில் அந்த மலைமேல் ஏறும்போது ஹெல்மெட்டுக்குள் குளிர்ந்த பச்சை வாசனை வரும். அங்கே அவசரப்படாதீர்கள்.

மழைக்கோட்டு

நானும் தனியாகப் போய் வந்தவள்தான், அதனால் பகல் சவாரியைப் பற்றி நான் சொல்கிறேன்.

முதல் நாள் தீவுக்குள்ளேயே இருங்கள். தெற்கே காத்தாவிலிருந்து ராவாய் போகும் மலைச்சாலையில் ஒரு காட்சிமுனை உண்டு. அங்கே நின்றால் மூன்று கடற்கரைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரியும். சூரியன் மறைவதற்கு புரோம்தெப் முனைக்குப் போய்விடுங்கள். பதோங்குக்கு ஏறி இறங்கும் சாலை செங்குத்து. நெரிசலில் மேட்டில் நின்று கிளம்ப வேண்டியிருக்கும், அதைக் கிளம்புவதற்கு முன் இங்கேயே பழகிக்கொள்ளுங்கள்.

ஒரு நாளைப் பாங்ஙாவுக்கு ஒதுக்குங்கள். தீவின் வடக்கே பாலத்தைத் தாண்டி பாங்ஙா ஊர் வரை போய், அங்கிருந்து 4090ஆம் எண் சாலையில் கபோங் வழியாகத் தக்குவா பா. இருபுறமும் சுண்ணாம்புக் குன்றுகள், ரப்பர் தோட்டம், மலை. புக்கெட்டின் கூட்டம் இங்கே இல்லை. வழியில் இருந்த சிறு கடையில் சைகையிலேயே பேசிச் சோறு வாங்கிச் சாப்பிட்டேன். அந்தப் பாட்டி பணம் வாங்கிய பிறகும் என் தண்ணீர்ப் புட்டியை எடுத்து நிரப்பிக் கொடுத்தார்.

திரும்பும்போது கடலோரமாகக் காவ் லாக் வழியாக வாருங்கள். 2004 சுனாமியில் அடித்து வரப்பட்ட 813ஆம் எண் போலீஸ் படகை அங்கே நினைவுச் சின்னமாக வைத்திருக்கிறார்கள். கடலிலிருந்து ஒரு கிலோமீட்டருக்கு மேல் உள்ளே நிற்கிறது. எங்கள் சொந்தக்காரர்கள் நாகப்பட்டினத்தில் இருக்கிறார்கள். அந்த இரும்பைத் தொட்டபோது கை நடுங்கியது. பத்து நிமிடம் நிற்கலாம் என்று போனேன், ஒரு மணி நேரம் அங்கேயே இருந்தேன்.

வண்டி சாய்ந்தால் தனியாகத் தூக்கத் தெரிய வேண்டும். சூப்பர் ஃபோர் கிட்டத்தட்ட 200 கிலோ. முதல் கியரில் போட்டுவிட்டு, வலது பக்கம் விழுந்திருந்தால் பக்கத் தாங்கியை முன்னாலேயே விரித்துவிடுங்கள். வண்டிக்கு முதுகு காட்டி, இடுப்பை இருக்கையில் அண்டக்கொடுத்து, காலால் பின்னோக்கி நடந்து எழுப்ப வேண்டும். கையால் இழுத்தால் முதுகு போய்விடும். நோயாளிகளைத் தூக்கும் உங்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. ஆனால் யாரையாவது பக்கத்தில் வைத்துக்கொண்டு புல்தரையில் இரண்டு முறை செய்து பாருங்கள்.

பழைய_சங்கிலி

சொல்ல விட்டுப்போனது, தாய்லாந்தின் புத்தாண்டான சொங்க்ரான். 13ஆம் தேதி தாய்லாந்தில் வண்டி ஓட்ட வேண்டாம். வாளித் தண்ணீரை ஓடும் வண்டிமேலேயே ஊற்றுவார்கள், வெள்ளை மாவைக் கரைத்துப் பூசுவார்கள், சாலை வழுக்கும், குடித்துவிட்டு ஓட்டுபவர்களும் அதிகம். அந்த வாரத்தை ‘ஏழு ஆபத்தான நாட்கள்’ என்று அந்நாட்டு அரசே சொல்லி எச்சரிக்கிறது. சங்கராந்தி என்ற சொல்தான் அங்கே சொங்க்ரான். சூரியன் மேஷத்துக்குள் வருவதை அவர்கள் தண்ணீரோடு கொண்டாடுகிறார்கள், நாம் மாங்காய்ப் பச்சடியோடு கொண்டாடுகிறோம்.

ஈசூன்_சூப்பர்ஃபோர்

அண்ணே, அக்கா, இருவருக்கும் மிக்க நன்றி. நேற்று பத்திரத்தை எடுத்துப் பார்த்தேன், 80 கிலோமீட்டர் என்றுதான் இருக்கிறது. இன்று நீட்டிப்புக்கு எழுதிவிட்டேன்.

நாட்களை மாற்றிவிட்டேன். 6ஆம் தேதி விடியற்காலை கிளம்பி 8ஆம் தேதி புக்கெட். 9, 10, 11 அங்கே. பேரணியில் கிடைக்கிற இரவுகள் போதும், 4090ஐ மட்டும் விடமாட்டேன். 12 ஹாட்யாய், 13ஆம் தேதி ஊர் விழிப்பதற்கு முன் எல்லைக்குப் போய்விடுவேன், இரவு ஈப்போ. 14ஆம் தேதி மாலை வீடு. இதைச் சொன்னதும் அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், மாங்காய்ப் பச்சடியை மதியத்துக்குப் பதில் இரவுக்குச் செய்கிறேன் என்றார்.

சனிக்கிழமை ஈசூன் குளம் பக்கம் புல்தரையில் வண்டியைச் சாய்த்துத் தூக்கிப் பழகப் போகிறேன். நேரமிருந்தால் அக்கா வர முடியுமா?