ஜப்பானில் ‘சாபிசு’ என்றால் என்ன?

கேள்வி: ஒசாகாவில் ஒரு சின்ன உணவகத்தில், நாங்கள் கேட்காமலே ஊறுகாய்த் தட்டு ஒன்றைக் கொண்டுவந்து வைத்து "சாபிசு தேசு" என்றார்கள். சர்வீஸ் சார்ஜா? பில்லில் எதுவும் காணோமே.

பதில்: இலவசம் என்று அர்த்தம். ஆங்கில சர்வீஸ்தான், ஆனால் அங்கே கடைக்காரர் கூடுதலாகத் தருவது, விலையைக் குறைப்பது எல்லாமே சாபிசு. நகோயா பக்கம் காலையில் காபி வாங்கினால் டோஸ்ட்டும் அவித்த முட்டையும் சேர்ந்தே வரும், அது ‘மோனிங்கு சாபிசு’. அருமையான ஏற்பாடு!

பதில்: ‘சாபிசு சங்க்யோ’வை விட்டுவிட்டீர்களே, சம்பளமில்லாத ஓவர்டைம். சட்டவிரோதம், ஆனாலும் நடக்கிறது.

பதில்: அப்புறம், கேட்காமல் வருவதெல்லாம் இலவசமில்லை. இசக்காயாவில், அதாவது மது பரிமாறும் சிற்றுணவகத்தில், முதலில் வைக்கும் சின்ன உணவுத் தட்டான ‘ஓதோஷி’க்குக் காசு உண்டு. தங்கும் ஹோட்டல் பில்லில் ‘சாபிசு-ரியோ’ இருந்தால் அதுவும் கட்டணம்தான், பெரும்பாலும் 10 சதவீதம்.