சொதி, புளிக்குழம்பு ஃப்ரீசரில் தாங்குமா?

பாளையங்கோட்டைக்காரி:
ரெண்டு பேரும் வேலைக்குப் போற வீடு. ஞாயித்துக்கிழமையே தேங்காய்ப்பால் சொதியும் புளிக்குழம்பும் செஞ்சு ஃப்ரீசர்ல போட்டா வாரம் ஓடுமா? சொதி திரிஞ்சு போகுதே, ஏன்?

பொருநைக்கரை:
தேங்காய்ப்பாலோட உறைய வச்சா கொழுப்பும் தண்ணியும் பிரிஞ்சிடும், அதான். 100 கிராம் பாசிப்பருப்பு, கேரட், பீன்ஸ், இஞ்சி பச்சைமிளகாய் அரைப்பு, இதுவரைக்கும் வேக வச்சு உறைய வைங்க. சூடாக்கும்போது தேங்காய்ப்பால் ஊத்தி, நுரை கூடினதும் இறக்கிட்டு எலுமிச்சை பிழியணும். உருளைக்கிழங்கு போடாதீங்க, மணல் மணலா ஆயிடும். முருங்கைக்காயும் சாப்பிடுற அன்னைக்கே வேகட்டும்.

மேலரதவீதி:
புளிக்குழம்புக்கு ஒரு பிரச்சினையும் இல்லக்கா. இன்னும் சிக்கனம் வேணும்னா, சின்ன வெங்காயம் விலை இறங்குறப்போ 2 கிலோ வாங்கி நல்லெண்ணெயில வதக்கி, வறுத்தரைச்ச தேங்காய் மசாலாவோட சேர்த்து 200 கிராம் பொட்டலமா போட்டு வைங்க. பையில அரை அங்குல கனத்துக்குத் தட்டையா பரப்பினா சீக்கிரம் உறையும், சீக்கிரம் இளகும். டப்பான்னா மேல 2 செ.மீ. இடம் விடுங்க, உறையும்போது உப்பி மூடியைத் தள்ளிரும்.

பொருநைக்கரை:
ஒண்ணு விட்டுப்போச்சு. சமைச்ச 2 மணி நேரத்துக்குள்ள ஆற வச்சு உள்ள வச்சிடணும். வெளிய வச்சு இளகினதைத் திரும்ப உறைய வைக்கக் கூடாது.