1936 கார்டு 810: எஞ்சின் சூடேறிய பிறகு கியர் விழத் தாமதிக்கிறது. எங்கே தேடுவது?

கேள்வி

வணக்கம். அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் நான் வேலை பார்க்கும் பழங்கார்ப் பட்டறைக்கு 1936ஆம் ஆண்டு கார்டு (Cord) 810 வெஸ்ட்செஸ்டர் செடான் ஒன்று வந்திருக்கிறது. லைகாமிங் வி8 எஞ்சின் சீராக ஓடுகிறது, காலையில் எடுத்தவுடன் கியர்களும் தயக்கமின்றி விழுகின்றன. அரை மணி நேரம் ஓடி எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகுதான் தொல்லை தொடங்குகிறது. ஸ்டியரிங் தண்டின் வலப்பக்கத்துச் சிறு நெம்பை அடுத்த கியரில் வைத்துவிட்டுக் கிளட்சை மிதித்தால், உடனே மாறவேண்டிய கியர் இரண்டு மூன்று வினாடி கழித்தே மாறுகிறது. சில நேரம் நியூட்ரலிலேயே நின்றுவிடுகிறது. கியர் எண்ணெயை மாற்றியாயிற்று, பலன் இல்லை. கியர்ப் பெட்டியைக் கழற்றிவிடலாம் என்கிறார் உடன் வேலை செய்பவர். அதற்கு முன் பார்க்க வேண்டியவை எவை என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1

கியர்ப் பெட்டியில் இப்போதைக்குக் கை வைக்க வேண்டாம். எண்ணெய் கெட்டியாக இருப்பதுதான் காரணமென்றால் குளிர்ந்திருக்கும்போது தொல்லை வரவேண்டும், சூடேறியதும் நீங்க வேண்டும். உங்கள் வண்டியிலோ நேர்மாறாக நடக்கிறது. ஆகவே கியரைத் தள்ளும் அமைப்பைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

இந்த வண்டியில் கியர்ப் பெட்டி எஞ்சினுக்குப் பின்னால் இல்லை. முன் அச்சுக்கும் முன்னால், மூக்கின் அடியில் இருக்கிறது. 1929இல் வந்த கார்டு எல்-29இலும் முன்சக்கரங்களே இழுத்தன என்றாலும், அதில் டேஷ்போர்டிலிருந்து நீண்ட தண்டு ஒன்று எஞ்சினைத் தாண்டிச் சென்று கியரை மாற்றியது. 810இல் அந்தத் தண்டை விட்டுவிட்டு, பெண்டிக்ஸ் நிறுவனத்தின் மின்சார-வேக்குவம் (வெற்றிட உறிஞ்சல்) ஏற்பாட்டை வைத்தார்கள். நெம்பு செய்வதெல்லாம் எந்தக் கியர் வேண்டும் என்று மின்சுற்றில் குறித்து வைப்பது மட்டுமே. கிளட்ச் பெடல் அடிவரை போகும்போது அங்குள்ள சுவிட்ச் இணைகிறது, சொலினாய்டுகள் (மின்காந்தச் சுருள்கள்) வால்வுகளைத் திறக்கின்றன, எஞ்சினுக்குள் காற்று போகும் குழாயான மேனிஃபோல்டிலிருந்து வரும் வேக்குவம் சிலிண்டருக்குள் பிஸ்டனை இழுத்துக் கியரை நகர்த்துகிறது. எனவே உங்கள் முன்னால் இரண்டு சங்கிலிகள் இருக்கின்றன: ஒன்று மின்சாரம், மற்றொன்று வேக்குவம். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாமல், தனித்தனியே சோதித்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

மின்சாரத்தை எஞ்சினை நிறுத்திவிட்டே பார்க்கலாம். வண்டி சூடாக இருக்கும்போது நிறுத்தி, சாவியைத் திருப்பிவைத்து, நெம்பை ஒவ்வொரு நிலையாக மாற்றிக் கிளட்சை மிதியுங்கள். இன்னொருவர் முன்பக்கம் குனிந்து சொலினாய்டுகள் ‘டக்’ என்று தெளிவாக இழுக்கின்றனவா என்று கேட்கட்டும்.

மறுமொழி 2

மேலே சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். இது 6 வோல்ட் வண்டி. துருப்பிடித்த ஒரு கான்டாக்டிலோ தளர்ந்த எர்த் கம்பியிலோ அரை வோல்ட் போனால், அது மொத்தத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு. போதாக்குறைக்கு, செம்புச் சுருளின் மின்தடை ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் ஏறக்குறைய 0.4 சதவீதம் கூடும். சுருளின் சூடு 60 டிகிரி கூடினால் தடை கால் பங்களவு கூடி, இழுவிசை குறைந்துவிடும். குளிரில் வேலை செய்து சூட்டில் சோர்ந்துபோகும் சொலினாய்டுகளுக்கு இதுவே பெரும்பாலும் காரணம். மீட்டரைப் பேட்டரியில் வைக்காமல் சொலினாய்டின் முனையிலேயே வைத்து, கிளட்சை மிதித்த நிலையில் அளவெடுங்கள்.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. சூடான நிலையிலேயே சோதித்தேன். எல்லா நிலைகளிலும் சொலினாய்டுகள் உரக்க இழுக்கின்றன, முனையில் மின்னழுத்தமும் சரியாக இருக்கிறது. மேனிஃபோல்டில் கேஜ் வைத்துப் பார்த்தேன். ஐடிலில் 18 அங்குலப் பாதரச அளவு அசையாமல் நிற்கிறது. இரண்டு பக்கமும் சரியென்றால் கோளாறு எங்கே?

மறுமொழி 1

நீங்கள் பார்த்தது வேக்குவம் புறப்படும் இடம். அது போய்ச் சேரும் இடத்தைப் பார்க்க வேண்டும். முன்னால் சிலிண்டர் வாயருகே ஒரு ‘டி’ இணைப்பு வைத்து அங்கே இரண்டாவது கேஜைப் பொருத்துங்கள். ஊசி எவ்வளவு காட்டுகிறது என்பதைவிட, எந்த நேரத்தில் எப்படி அசைகிறது என்பதைக் கவனியுங்கள். வழியில் கசிவு இருந்தால், சும்மா நிற்கும்போதே முன் கேஜ் குறைவாகக் காட்டும். அடைப்பு இருந்தால், சும்மா நிற்கும்போது இரண்டும் ஒரே அளவைக் காட்டும். கிளட்சை மிதித்துக் காற்று நகரத் தொடங்கும் கணத்தில் மட்டும் முன் ஊசி சரிந்து, மெல்ல மெல்ல ஏறும்.

மறுமொழி 3

இதற்கு இவ்வளவு பாடு எதற்கு? அந்த அமைப்பை எடுத்துவிட்டு நவீன மின்மோட்டார் ஒன்றைப் பொருத்தினால் தொல்லை விட்டதல்லவா? கார்டின் கியர் அமைப்பு அன்றைக்கே பேர் கெட்டதுதான்.

மறுமொழி 2

ஐயா, பேர் கெட்டது உண்மை. ஆனால் அதற்குக் காரணம் அந்த யோசனை அல்ல, அவசரம். 1935 நவம்பரில் நியூயார்க் கண்காட்சியில் வைக்க வேண்டுமானால் நூறு வண்டிகளாவது கட்டியிருக்க வேண்டும் என்பது விதி. அதற்காகக் கையால் கட்டி அனுப்பியபோது கியர்ப் பெட்டி ஆயத்தமாகவில்லை. வாங்க முன்வந்தவர்கள் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். பிறகு வந்த வண்டிகளிலும் கியர் நழுவுவது, எஞ்சின் கொதிப்பது, பெட்ரோல் ஆவியாகிக் குழாயை அடைப்பது போன்ற தொல்லைகளைச் சாலையில்தான் திருத்த வேண்டியிருந்தது. 1937இல் உற்பத்தியே நின்றுபோனது.

ஆனால் கார்டன் பியூரிக் வரைந்த அந்த உடலைப் பாருங்கள். பின்சக்கரத்துக்குப் போகும் தண்டு இல்லாததால் தளம் மேடின்றித் தட்டையாக இருக்கிறது. அதனால் வண்டியையே தாழ்வாக அமைக்க முடிந்தது, கதவுக்குக் கீழே படிக்கட்டும் தேவைப்படவில்லை. எஞ்சினையும் கியர்ப் பெட்டியையும் தாங்கும் முன்சட்டம் தனியாக வந்து உடலோடு போல்ட்டால் இணைகிறது. கியர்ப் பெட்டி மூக்கில் இருப்பதும், அதற்குக் கம்பியும் குழாயும் மட்டும் போவதும் இந்த ஏற்பாட்டிலிருந்து பிரிக்க முடியாதவை. அதை மாற்றினால் அந்த வண்டியின் பொறியியலில் முக்கியமான ஒரு பகுதியை நாமே அழித்தவர்களாவோம். கோளாறைக் கண்டுபிடிக்க முடியும் என்னும்போது மாற்றுவதற்கு நியாயமில்லை.

கேட்டவர்

கண்டுபிடித்துவிட்டேன். சும்மா நிற்கும்போது இரண்டு கேஜும் 18 காட்டின. சூடான பிறகு கிளட்சை மிதித்ததும் முன் ஊசி 8க்கு விழுந்து, நீங்கள் சொன்னபடியே மெல்ல ஏறியது. மேனிஃபோல்டிலிருந்து முன்னால் போகும் வேக்குவம் ஹோஸைக் கழற்றிக் குறுக்கே வெட்டிப் பார்த்தேன். வெளிப்பக்கம் வெடிப்போ உப்பலோ இன்றிப் புதிது போலிருந்தது. உள்ளே மேலடுக்கை விட்டுப் பிரிந்த மெல்லிய ரப்பர்த் தோல் ஒன்று நாக்குப் போல் தொங்கிக்கொண்டிருந்தது. குளிரில் அது விறைப்பாகச் சுவரோடு நிற்கிறது. சூட்டில் தளர்ந்து, உறிஞ்சும் போதெல்லாம் துளையை மூடிக்கொள்கிறது. வேக்குவத்துக்கென்றே செய்யப்பட்ட, சுவர் தடித்த ஹோஸ் போட்ட பிறகு கியர் உடனுக்குடன் விழுகிறது. இன்று மதியம் வெயிலில் நெடுநேரம் ஓட்டியும் தாமதம் இல்லை.

மறுமொழி 1

மகிழ்ச்சி. மூடியைப் பூட்டுவதற்கு முன் கிளட்ச் சுவிட்சையும் ஒருமுறை சரிபாருங்கள். இதுவரை கியர் தாமதமாக விழுந்ததால், சுவிட்ச் சற்று முன்கூட்டி இணைந்திருந்தாலும் உங்களுக்குத் தெரிந்திருக்காது. இப்போது வேக்குவம் முழு வலுவோடு இழுப்பதால், கிளட்ச் முழுதாக விடுபடுமுன் சுவிட்ச் இணைந்தால் பற்கள் உரசும். பெடல் அடியைத் தொடும் தறுவாயில் இணையும்படி வைத்தால் போதும்.