மலாயில் 'அவெட் மூடா' என்றால் பாராட்டா? பெண்ணுக்குத் தமிழில் என்ன சொல்வது?

லயத்துவீட்டுப் பிள்ளை, சுங்கை சிப்புட், மலேசியா:
போன வாரம் அம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். முப்பது வருடம் தோட்டத்தில் பால்மரம் (ரப்பர்) சீவியவர். கவுண்டரில் இருந்த மலாய்க்காரப் பெண் ஐசியை (அடையாள அட்டையை) பார்த்தாள். பிறந்த வருடத்தைக் காட்டும் முதல் இரண்டு எண் 59. அம்மா முகத்தைப் பார்த்தாள், மறுபடி ஐசியைப் பார்த்தாள். "ஆன்ட்டி அவெட் மூடா!" என்றாள்.

அம்மா சிரிக்கவே இல்லை. வெளியே வந்ததும், "சில்லி சாஸ் போத்தலில் 'பெங்காவெட்' போடவில்லை என்று எழுதியிருப்பானே, அந்த அவெட்தானே இது? என்னைக் கெட்டுப்போகாமல் வைத்த பண்டம் என்கிறாளா?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

இன்னொன்று. ஆணாக இருந்தால் 'மார்க்கண்டேயன்' என்று சொல்லிவிடுவோம். பெண்ணுக்கு? எங்கள் தோட்டத்தில் "வயசே தெரியலை" என்பதோடு சரி.

செம்பனைக்காரன்:
தம்பி, அம்மா பிடித்த வேர் சரியான வேர். 'அவெட்' ஜாவா மொழியிலிருந்து வந்தது, நீடித்திருப்பது என்று பொருள். போத்தலில் இருப்பதும் அதே சொல்தான். ஆனால் இளமை என்கிற 'மூடா'வோடு சேர்ந்தால் முழுக்கப் பாராட்டு. வயதானவரைப் பார்த்துத்தான் சொல்வார்கள், இருபது வயதுப் பெண்ணிடம் சொன்னால் பொருந்தாது. 'நம்பாக் மூடா' (இளமையாகத் தெரிவது) வேறு. அது இன்றைக்குக் கட்டிய சேலையால்கூட வரும். இது வருடக்கணக்காக நிற்கிற இளமை. ஜாமு என்கிற மூலிகை மருந்துப் பொட்டலங்களில் இந்தச் சொல் இல்லாமல் இருக்காது. பெகாகா கீரையை ஊலாமாக, அதாவது சோற்றோடு பச்சையாகத் தின்பதற்கும் இதையேதான் காரணம் சொல்வார்கள். வேறொன்றுமில்லை, நம் வல்லாரை.

ஒட்டுக்கடை:
தமிழ்நாட்டிலிருந்து வந்த எங்கள் மாமா இதைக் கேட்டுவிட்டு, "யாரைப் பார்த்து மூடா என்கிறான்?" என்று எழுந்தே நின்றுவிட்டார். உங்கள் அம்மா பரவாயில்லை.

பழைய தமிழ் டீச்சர்:
மார்க்கண்டேயன் அழகுக்காகப் பேர் வாங்கியவன் இல்லை. பதினாறு வயதில் சாக வேண்டியவன், சிவலிங்கத்தைக் கட்டிக்கொண்டு எமனிடமிருந்து தப்பினான், அந்தப் பதினாறிலேயே நின்றுவிட்டான். அதனால்தான் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணம் எல்லாம். நாம் அதைத் தோற்றத்துக்கு இழுத்துக்கொண்டோம். பெண்ணுக்கு அப்படி ஒரு கதை இல்லை. ஔவையார் கதையோ நேர் எதிர், இளமையே வேண்டாம் என்று பிள்ளையாரிடம் முதுமையைக் கேட்டு வாங்கியவர்.

ஒரு சொல் இருக்கிறது: பேரிளம்பெண். பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை என்று உலா நூல்களில் வரும் ஏழு பருவத்தில் கடைசி. கணக்குப்படி 32 முதல் 40 வரைதான். இருந்தாலும், பெரியவள் ஆனபிறகும் 'இளம்' என்பதை விடாத சொல் வேறு எது இருக்கிறது? எனக்குப் பிடிக்கும்.

லயத்துவீட்டுப் பிள்ளை:
எல்லாவற்றையும் அம்மாவிடம் படித்துக் காட்டினேன். பேரிளம்பெண் எடுபடவில்லை. "நாற்பதோடு நிறுத்திவிட்டானா? நாற்பதில் நான் விடியாத நேரத்தில் தோட்டத்தில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தேன், கண்ணாடி பார்க்க எங்கே நேரம்?" என்கிறார். மலாய்ச் சொல்லே இருக்கட்டுமாம்.

அடுத்த மாதம் மருந்து வாங்கப் போக வேண்டும். இந்த முறை ஐசியை அவரே எடுத்துக் கொடுப்பாராம்.