பூஞ்சை பிடித்த வீடியோ நாடாக்களை மீட்க உதவி தேவை

1990களின் பிற்பாதியில் சிங்கப்பூரின் பிரைம் 12 ஒளிவழியில் வந்த தமிழ் நகைச்சுவை நாடகங்களை அப்பா வீஎச்எஸ் நாடாக்களில் பதிவு செய்து வைத்திருந்தார். அவற்றை வேறெங்கும் என்னால் தேடிக் கண்டுபிடிக்க முடியவில்லை. ஈசூன் வீட்டு ஸ்டோர்ரூமில் இருந்த அந்த நாடாக்களின் விளிம்பில், இங்குள்ள ஈரப்பதத்தால், வெண்ணிறப் பூஞ்சை படர்ந்துள்ளது. சென்ற மாதம் ஒன்றை ஓடவிட்டபோது வசனமும் சிரிப்பொலியும் தெளிவாகக் கேட்டன. படமோ சில நிமிடங்களில் வெள்ளைப் புள்ளிகளாகச் சிதறி மறைந்துவிட்டது. பிளேயரில் நாடாவைப் படிக்கும் ஹெட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்தேன், படத்தைச் சீராக்கும் டிராக்கிங் அமைப்பை மாற்றினேன், இன்னொரு பிளேயரிலும் போட்டுப் பார்த்தேன், பலனில்லை. பூஞ்சை பிளேயர் வழியாக மற்ற நாடாக்களுக்கும் பரவும் என்பதால் இப்போது எதையும் ஓடவிடுவதில்லை. விசாரித்த கடைகளோ சுத்தமான நாடாக்களை மட்டுமே ஏற்கின்றன.

சிங்கப்பூரில் பூஞ்சையை நீக்கி, நாடாவை மின்னிலக்க வடிவத்துக்கு மாற்றித் தருபவர் யாரையேனும் அறிவீர்களா?